மூச்சு விடும் தொட்டிகள்

பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் முகர்ந்து பார்ப்பார். வெட்டுவதற்கு முன்னால், வெளிப்புறத்தை. உள்ளே இருக்கிற பால் கெட்டிருந்தால் வெளியில் எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெரியாது. ஆனா தெரிஞ்சிட்டா?" என்பார். இப்படிப் பேசுகிற மனிதரிடம் யார் வாதாட முடியும்? தொழிற்சாலையில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

அது குளிர்பானத் தொழிற்சாலை. வாயு மீட்டர்களைச் சோதித்து, பழுது பார்த்து, சரியாக வேலை செய்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது அவருடைய உத்தியோகம். பானம் பொங்குவதற்கான கரியமில வாயுவை, தரைக்குக் கீழே ஒரு கிடங்கில் பெரிய பெரிய டேங்குகளில் வைத்திருந்தார்கள். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது போலத் தேங்கிக்கொள்ளும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'வாடா தம்பி' என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஃபிட்டர் ஒருவர் பழுதான மீட்டரை நம்பி அந்தக் கிடங்குக்குள் இறங்கினார். ஏறி வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தபோது அவர் முகத்தில் வலியோ பயமோ இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தவர் மாதிரி இருந்தார். அதுதான் மோப்பக்காரரை ஆட்டிவிட்டது. சத்தம் போடுகிற ஆபத்தைச் சமாளிக்கலாம், சும்மா இருக்கிறதைத்தான் நம்பக் கூடாது என்று அன்றைக்கு அவர் மனசில் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான்.

அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் சந்தேகம். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் அதிகம் பேசினால் எதையோ மறைக்கப் பேசுகிறாள். பேசாமல் இருந்தால் மறைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். இப்படியே தட்டிக் கழித்துத் தலையில் பாதி நரைத்துவிட்டது. உறவுக்காரர்கள் கை கழுவிவிட்டார்கள்.

கடைசியில் கல்யாணம் நடந்ததே ஓர் ஆச்சரியம். தொழிற்சாலை வாசலில் வைக்கச் செடிகள் கொண்டுவந்து இறக்கிய நர்சரியில் வேலை பார்த்த பெண் அவள். புருஷனைப் பறிகொடுத்தவள், அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். இவர் தொட்டி ஒன்றைக் குனிந்து முகர்வதைப் பார்த்து, "மண்ணுதான் சார், கடிக்காது" என்றாள். அவரைக் கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் கேலி செய்துவிட்டுத் தானும் குனிந்து முகர்ந்து பார்த்த ஆள் அவள் ஒருத்திதான். அவர் விழுந்தது அங்கேதான். எப்படிப் பேசி முடித்தார்களோ, அந்த வருஷமே இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

கொஞ்ச காலம் அவர் ஆளே மாறிப்போனார். பூட்டை ஒரு தடவைதான் இழுத்தார். கேன்டீனில் சிரித்துப் பேசினார் என்று சாட்சி சொல்ல ஆட்கள் உண்டு.

வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்னால் ஜன்னலில்லாத சாமான் அறை. வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: கிழக்குப் பார்த்த படுக்கையறை ஜன்னல். அதுவும் காலையில்தான். நர்சரியில் விலை போகாத கோணல் செடிகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒன்று, இரண்டு என்று வந்தவை ஜன்னல் ஓரம் முழுக்க நிறைந்து, பிறகு பலகை அடித்து இரண்டு வரிசையாகி, கட்டில் கால் வரைக்கும் இறங்கிவிட்டன. அகலமான இலை, ஊசி இலை, புள்ளி விழுந்த இலை. காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் தூசி துடைப்பாள். துடைத்துக்கொண்டே, "ம், சமையலை ஆரம்பிங்க" என்பாள் செடிகளிடம்.

"யாருகிட்ட பேசற?"

"இதுங்ககிட்டதான். வெயில் வந்துருச்சுல்ல. வெயிலும் தண்ணியும் காத்தும் இருந்தாப் போதும், அதுங்களே பொங்கிச் சாப்பிட்டுக்கும். உங்கள மாதிரி தட்டை வெச்சுட்டு உக்காந்திருக்காது."

அவரும் சிரித்தார். அப்போது சிரித்தார்.

குளிர்காலம் வந்தது. ஜன்னலை இறுக மூடிக்கொண்டு படுத்தார்கள். அதிலிருந்து அவருக்குக் காலையில் தலைவலி. எழுந்தால் மண்டையில் யாரோ ஈரச் சாக்கைப் போட்டு வைத்த மாதிரி ஒரு கனம். கேன்டீனில் பாய்லர்காரரிடம் இதைச் சொன்னார். பாய்லர்காரருக்கு எல்லாம் தெரியும். குறைந்தபட்சம் எல்லாவற்றிலும் பாதி தெரியும்.

"படுக்கற ரூம்ல செடி இருக்கா?"

"இருக்கு. நிறைய."

"அப்ப சரியாப் போச்சு. பகல்ல அது நல்லது பண்ணும். ராத்திரி ஆனா நம்ம கிடங்குல இருக்கற அதே வாயுவைத்தான் விடும். நீ பள்ளிக்கூடமே போகலையா?"

மோப்பக்காரர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். பள்ளிக்கூடம் போனவர்தான் அவர். பாடம் மங்கலாக ஞாபகம் வந்தது. இலை கரியமில வாயுவை உள்ளே இழுத்து, வெயிலைக் கொண்டு தண்ணீரோடு சேர்த்துத் தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். வெயில் போனால் அடுப்பு அணைந்துவிடும்; மூச்சு மட்டும் நிற்காது. அப்போது அந்த வாயுவை வெளியே விடும். அது எவ்வளவு விடும் என்பதைப் பாய்லர்காரர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அளவைக் கேட்பதே பிழைப்பாக இருந்த மனுஷன் அன்றைக்குக் கேட்கவில்லை பாருங்கள்.

மறுநாள் கைக்கடக்கமான மீட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படுக்கும்போது அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். விடிந்ததும் எடுத்துப் பார்த்தார். தெருவில் இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. ஆளைக் கொல்கிற அளவு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தலையைக் கனக்க வைக்கிற அளவு. மெல்ல, அவசரமில்லாமல், சத்தமில்லாமல்.

அவள் வேலைக்குப் போன பிறகு அறையிலேயே மீட்டரை வைத்துவிட்டுச் சமையலறையில் காத்திருந்து, அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தார். இலைகள் மேல் வெயில் ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வந்தது. வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் செடிக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். இவருக்கோ மூக்கில் வியர்த்தது. பகலில் நல்லவன் வேஷம், இரவில் வேறு வேலையா?

அன்றிலிருந்து அவர் அந்தத் தொட்டிகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார். தண்ணீர் ஊற்ற மறந்தால் வாடிக் காட்டத் தெரிந்தது. வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பத் தெரிந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தன. யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிற ஒன்று எதற்காக இன்னொருவர் கட்டிலோரம் வந்து உட்கார வேண்டும்?

செடிகள் தானாக நடந்து வரவில்லை. கொண்டுவந்தவள் அவள்தான். இந்த யோசனை வந்தபோது அவர் தன்னையே அதட்டினார். அதட்டினால் போகிற ஜாதி இல்லை அது. அவளுடைய பெட்டியில் முதல் புருஷனின் போட்டோ ஒன்று இருந்தது. அவளே காட்டியிருக்கிறாள், ஒளிவுமறைவு இல்லை. இப்போது அவர் அதைத் திருட்டுத்தனமாக எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். நாற்காலியில் ஓர் ஒல்லியான மனிதர். அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொட்டிகள். அந்த மனிதர் தூக்கத்தில் போய்விட்டார் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். தூக்கத்தில். ஃபிட்டர் முகம் கண் முன்னால் வந்து நின்றது. மோப்பக்காரர் போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

கேட்டிருக்கலாம். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் சந்தேகப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான், காரியம் பண்ணுவான். இவர் செடிகளைப் பட்டினி போட முடிவு செய்தார். இவருக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். காலையில் அவள் தெருவைத் தாண்டியதும் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்துவார். ஜன்னலை விட்டு வெயில் நகர்ந்த பிறகு, பழைய இடத்தில் பழைய வரிசையில் திரும்ப வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அடுப்பு எரியாவிட்டால் எத்தனை நாள்தான் மூச்சு விடும்? பார்ப்போம் ஒரு கை.

நாளாக நாளாக இலைகள் வெளுத்தன. முதலில் அடி இலை மஞ்சளானது, பிறகு நுனிக்குருத்து வெள்ளையாக, கம்பி மாதிரி நீண்டது. வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடுகிற செடி அப்படித்தான் நீளும். அவளுக்கு அது தெரியாதா? ஜன்னல் பக்கத்திலேயே இருக்கிற செடி இருட்டில் வளர்ந்த மாதிரி நிற்பது எப்படி என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பூச்சி தேடினாள்.

"நீங்க ஏதாவது ஊத்தினீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான் ஏன் ஊத்தறேன்? ஒண்ணும் ஊத்தல."

பொய் இல்லை, ஊற்றவில்லைதான். ஆனால் பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "உப்பு வேணுமா", "போதும்" என்று குடித்தனம் நடத்தினார்கள். தலைவலியோ போன பாடில்லை. காலையில் மீட்டர் அதே எண்ணைக் காட்டியது. செத்துக்கொண்டிருக்கும்போதும் விடுகிறதே என்று அவர் பல்லைக் கடித்தார்.

ஒரு நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. நர்சரியில் வேலை நடக்காது என்று பாதியில் அனுப்பிவிட்டார்கள். நனைந்த புடவையோடு அவள் கதவைத் திறந்தபோது மோப்பக்காரர் இரண்டு கக்கத்திலும் இரண்டு தொட்டியை இடுக்கிக்கொண்டு சாமான் அறை வாசலில் நின்றார். கையும் களவுமாக என்றால் இதுதான்.

அவள் கத்தவில்லை. சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இருட்டில் வரிசையாக மீதித் தொட்டிகள்.

"தினமுமா?"

அவர் தலையாட்டினார்.

"எதுக்கு?"

சொன்னார். அடக்கிவைத்தது எல்லாம் கொட்டியது. தலைவலி, பாய்லர்காரர், கட்டிலுக்கு அடியில் மீட்டர், ஐந்து மடங்கு, பகல் வேஷம். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். "உன் முதல் வீட்டுக்காரரும் தூக்கத்துலதானே போனாரு? போட்டோல பார்த்தேன். அங்கேயும் பின்னாடி தொட்டி" என்றார்.

அவள் பேயறைந்தவள் போல நின்றாள்.

"அவருக்கு இதயம் பலவீனம். டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. பக்கத்துலயே படுத்திருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சேன்னு நான் இன்னும் அழறேன்" என்றாள். "நீங்க என்ன நினைச்சீங்க? சொல்லுங்க. வாயத் திறந்து சொல்லுங்க."

அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்பதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் ஒரு பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். செடிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவளுடைய அண்ணனிடமிருந்து போன் வந்தது. "மாப்ளே, அவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா. சாப்பிடவும் மாட்டேங்கறா. என்னதான் ஆச்சு?"

"மச்சான், நான் ஆதாரத்தோட வந்து சொல்றேன்" என்றார் மோப்பக்காரர். இந்த நேரத்திலும் ஆதாரம்!

தொழிற்சாலையில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்து பார்ப்பார்கள், பிறகு அடுத்தது. அவர் அதையே வீட்டில் செய்தார். தொட்டிகள் அத்தனையையும் படுக்கையறையில் வைத்து, ஜன்னலைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, பிறகு இறுக மூடி, நடுவில் மீட்டரை வைத்துக் கதவைச் சாத்தினார். தான் கூடத்தில் படுத்தார். செடியும் மீட்டரும் மட்டும் தனியாக, சாட்சிக்கு ஆளில்லாமல். இப்போது அவை தங்கள் குணத்தைக் காட்டட்டும்.

விடிந்ததும் கதவைத் திறந்து மீட்டரை எடுத்தார். தெருவில் காட்டுகிற எண்ணைவிட ஏதோ ஒரு துளி கூடுதல். அவ்வளவுதான்.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தார். தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்ச் சோதனை வாயுவை விட்டுப் பார்த்தார். மீட்டர் பழுதில்லை. மறுநாளும் அதே சோதனை, அதே விடை. அடுத்த நாள் தொட்டிகள் எல்லாவற்றையும் கூடத்துக்கு மாற்றிவிட்டு, காலி அறையில், மூடிய ஜன்னலோடு, தான் மட்டும் படுத்தார். காலையில் தலை கனத்தது. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு மீட்டரை எடுத்தார். எண் ஏறியிருந்தது. இரண்டு பேர் படுத்தபோது இருந்ததில் பாதிக்கு மேல் வந்திருந்தது.

அறையில் செடி இல்லை. அவள் இல்லை. அவர் மட்டும்தான் இருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்தபடி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே மீட்டர் மேல் மூச்சு விடாதே என்பதுதான். மனுஷன் மூச்சிலும் அதே வாயு இருக்கிறது. செடி விடுவதெல்லாம் அதன் முன்னால் ஒரு தூசு. ஊரில் உள்ளது அத்தனையையும் சந்தேகப்பட்ட ஆள், தன் மூக்கையும் வாயையும் மட்டும் விட்டுவைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போகாமல் நர்சரிக்குப் போனார். பச்சை வலைக் கூரைக்குக் கீழே அவள் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, நறுக்கிய கிளைகளைக் கறுப்புப் பைகளில் நட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். அவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை. மற்றப் பெண்கள் ஏதோ வேலை இருப்பது போல நகர்ந்துகொண்டார்கள்.

"செடி இல்ல" என்றார். "நம்ம மூச்சுதான். மூடின ரூம்ல ரெண்டு பேர் படுத்தா ஏறும். அளந்து பார்த்துட்டேன். செடிய மட்டும் தனியா வெச்சும் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல." சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து நீட்டினார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. "எனக்குக் காட்ட வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்."

"தப்பு என் மேலதான். வீட்டுக்கு வா."

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். அடுத்த கிளையை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிப் போட்டாள். "இந்த மீட்டர் வேற மாதிரி காட்டியிருந்தா இன்னைக்கு இங்க வந்திருப்பீங்களா?"

எந்தப் பதிலைச் சொன்னால் அவள் எழுந்து வருவாள் என்று அவருக்குத் தெரியும். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்க எண்ணைத் திருத்தி எழுதாத மனிதர் அவர்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

அவள் கை முதல் தடவையாக நின்றது. "அப்ப உங்களுக்குச் செடி மேல இருந்த சந்தேகம்தான் போயிருக்கு. என் மேல இருந்தது போகல. மிஷின் என்னை விட்டுருச்சு, நீங்க விடல." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "செடிங்கள மட்டும் கொண்டுவந்து குடுத்துடுங்க. அதுங்க வெயிலப் பார்த்து நாளாச்சு."

ஒரு குட்டி யானை லோடு வண்டி பிடித்தால் ஒரே நடையில் முடிகிற வேலை. அவர் பிடிக்கவில்லை. தினம் ஒரு தொட்டியாக, பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெளுத்த செடியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் நரைத்த மனிதரைப் பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, நேர்வெயில் ஆகாதென்று வலை நிழலில் வைத்தாள். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்காக அவர் மறுநாளும் வந்தார். முதலில் வந்த தொட்டிகளில் குருத்து பச்சை பிடிக்கத் தொடங்கியது. செடிகள் அவரை மன்னித்தன என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் கிடைத்தது, சமைத்துக்கொண்டன, அவ்வளவுதான். மனுஷிக்கு அது போதாது.

தொட்டிகள் தீர்ந்துபோயின. அதற்கடுத்த நாள் அவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"எல்லாம் வந்துருச்சே. இப்ப எதுக்கு?" என்றாள்.

"சும்மா. உன்னைப் பார்க்கத்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை சட்டைப் பையில் வந்து நின்றது. "பையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"காட்டுங்க."

கூட்டாளிப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு கால்சட்டைப் பைகளையும். ஒரு கைக்குட்டை, ஒரு பஸ் டிக்கெட். அவள் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு தப்பும் செய்யாமல் இப்படி நிற்பது என்றால் என்ன என்று அந்த வயதில் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் அவள் இப்படித்தான் தன் முன்னால் நின்றிருக்கிறாள் என்று நினைத்ததும், இழுத்த பைகளை உள்ளே தள்ளக்கூட மறந்துபோனார்.

"நாளைக்கு வரலாமா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்" என்றாள் அவள், சந்தேகமாக.